கக்கத்துப் பூஞ்சையும் செராய் எண்ணெயும்

என் கக்கத்தில் ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. இடது, வலது இரண்டிலும். இடுப்பு மடிப்பிலும் கொஞ்சம் இருக்கிறதாம். அரிப்பதில்லை, எரிவதில்லை, கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆஸ்பத்திரிக் காகிதம் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

சொன்ன டாக்டரம்மா நல்லவர். முகமூடி, கையுறை, மேலே மஞ்சள் பிளாஸ்டிக் அங்கி எல்லாம் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு எட்டடி தள்ளி நின்று மலாயில் பொறுமையாக விளக்கினார். இது ஒரு வகை ஈஸ்ட். ரொட்டி மாவைப் பொங்க வைக்கிறதே, அதற்கு உறவுதான், ஆனால் பொல்லாத உறவு. வழக்கமான பூஞ்சை மருந்துகளுக்கு மசியாது. உங்களை ஒன்றும் செய்யவில்லை, தோலின் மேல் சும்மா இருக்கிறது. ஆனால் உங்களிடமிருந்து இன்னொரு நோயாளிக்குப் போய், அவர் உடம்பில் ஏதாவது குழாய் போட்டிருந்து, அந்த வழியாக ரத்தத்தில் ஏறிவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, கவலைப்படாதீர்கள் என்றும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் இருபத்தாறு வருஷம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன். அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து மறுபடி தோட்டத்துக்கு. இனிப்பு நீர் வியாதி எப்போது வந்தது, எப்போது சிறுநீரகத்தைத் தின்று முடித்தது என்று கவனிக்க நேரமில்லை. பிறகு வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் கழுவ வேண்டும் என்றார்கள். கோலசிலாங்கூர் டவுனில் ஒரு சிறிய டயாலிசிஸ் நிலையம், வீட்டிலிருந்து கால் மணி நேரம். நீளமான கூடத்தில் இரண்டு வரிசை நாற்காலி. அங்கே நான்கு மணி நேரம் ஊசியோடு கிடந்தாலும் கிடப்பது போலவே இருக்காது. எதிர்வரிசை மலாய்க்காரர் தஞ்சோங் காராங்கில் நெல் அறுத்த கதை சொல்வார். செகிஞ்சான் சீனக் கிழவர் மீன் விலையைத் திட்டுவார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் எங்கள் பழைய தோட்டத்து மண்டோர். வேலைக்காரர்களை மேய்த்த பழக்கம் போகாமல், ஊசி போடுகிற நர்சு மிஸிகளையும் மேய்த்துக்கொண்டிருப்பார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் டேய் என்பார்.

போன வருஷம் காலில் ஒரு புண். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. புண் ஆறியது, பூஞ்சை ஒட்டிக்கொண்டது. எங்கே, யாரிடமிருந்து என்று யாருக்கும் தெரியாது. டவுன் நிலையத்தில் தன்மையாகத்தான் சொன்னார்கள்: எங்களிடம் தனி அறை இல்லை, அங்கிள், மற்றவர்களை நாங்கள் பார்க்க வேண்டும். அதிலிருந்து நான் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வேனில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கே எனக்கென்று ஒரு கண்ணாடி அறை, எனக்கென்று ஒரு இயந்திரம். டிவி ரிமோட்டைக்கூட பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டியிருப்பார்கள். மிஸி உள்ளே வருவதற்கு அங்கி போட வேண்டும், வெளியே போகும்போது கழற்றிக் குப்பையில் போட வேண்டும், அதனால் அவசியமில்லாமல் யாரும் வர மாட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிவது ஒரு சுவர். நான்கு மணி நேரம் சுவரைப் பார்ப்பதற்கு நான் என்ன தவமா இருக்கிறேன்? இயந்திரத்தோடு சண்டை போட்டிருப்பேன், அதற்குக் காது இல்லை.

வீட்டுக்கு வந்தால் அது இன்னொரு அறை, அவ்வளவுதான். தோட்டத்து லயத்தை இடித்துவிட்டுக் கொடுத்த தாமான் குடியிருப்பில் ஒரு சின்ன வீடு எங்களுடையது, சுவரோடு சுவர் ஒட்டியது. இங்கே ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் மருந்து சொல்வார்கள். என் விஷயம் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. தினம் சாயங்காலம் தேநீருக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று நலம் விசாரித்தார், பிறகு கையை மட்டும் ஆட்டினார், பிறகு போனைப் பார்த்துக்கொண்டே நடக்கப் பழகிவிட்டார். கோவில் பிரசாதம் கேட்டில் பையில் தொங்கும். அவர்களைக் குறை சொல்லி என்ன? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் கோபம் வந்தது. லோரியிலும் நான் தனியாகத்தான் இருந்தேன், அங்கே ஸ்டியரிங் என் கையில் இருந்தது.

வெளியே வர ஒரே வழிதான் இருந்தது. சில வார இடைவெளி விட்டு மூன்று முறை கக்கத்திலும் இடுப்பிலும் பஞ்சுக்குச்சி வைத்துத் துடைத்து எடுப்பார்கள். அதை ஸ்வாப் என்பார்கள். மூன்றும் அடுத்தடுத்து சுத்தமாக வந்தால் டவுன் கூடத்துக்குத் திரும்பலாம். ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. அந்த மூன்றைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை. சாப்பிடும்போதும் அதே நினைப்புதான்.

இந்த நேரத்தில்தான் எங்கள் மகள் அந்தப் படத்தை அனுப்பினாள். அவள் கோலாலம்பூர் பக்கம் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். மருந்துக்கு அடங்காத பூஞ்சைகளின் மேல் செடிகளின் எண்ணெயை வைத்துப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. கிராம்பு, இலவங்கப்பட்டை, வெற்றிலை, செராய். எலுமிச்சைப்புல்லைத்தான் இங்கே செராய் என்போம். படத்தில் ஒரு வட்டத் தட்டு. தட்டு முழுக்கப் பூஞ்சை பால் ஆடை போலப் படர்ந்திருந்தது. நடுவில் பொட்டளவு காகிதம், அதில் செராய் எண்ணெய். காகிதத்தைச் சுற்றி ஒரு வளையம் துப்புரவாகக் காலி. பூஞ்சை கிட்டேயே வரவில்லை.

என் மனைவி போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எண்ணெய் மிதக்கிற சட்டியில் சோப்புத் துளி விட்டால் எண்ணெய் விலகி ஓடுமே, அந்த மாதிரி ஓடியிருக்கிறது என்றாள். உடனே மகளுக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, அப்பாவுக்கு இருக்கிறது இதேதானே?"

"இதே வகைதாம்மா. ஆனா இது பிளேட்டுல நடக்குறது. மனுஷத் தோல்ல இப்படி நடக்கும்னு சொல்ல முடியாது. தோல் வெந்து போயிடும். வீட்ல ட்ரை பண்ணாதீங்க லா, ப்ளீஸ்."

"சரி சரி" என்று போனை வைத்தவள் அடுத்த பசார் மாலாம் இரவுச் சந்தையிலேயே ஒரு மலாய்க்கார அம்மாவிடம் செராய் எண்ணெய்ச் சீசா வாங்கி வந்துவிட்டாள். கொசுவுக்கும் மூட்டு வலிக்கும் எல்லாரும் வாங்குகிற சாமான்தான். முதல் நாள் அப்படியே தடவினாள். நெருப்பு வைத்தது போல் எரிந்தது. இரண்டு நாள் கையை அகட்டிக்கொண்டே நடந்தேன். பிறகு தேங்காய் எண்ணெயில் சில சொட்டு விட்டுக் கலக்கக் கற்றுக்கொண்டாள். நானும் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், யாராவது என்னைத் தொட்டார்கள் என்பதே பெரிதாக இருந்தது.

முதல் ஸ்வாபுக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மிஸி போனில் அழைத்து, இரண்டு நாளைக்கு எண்ணெய், பவுடர், கிருமி சோப்பு எதுவும் போட வேண்டாம், வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வாருங்கள் என்று மலாயில் சொன்னாள். நான் டிவியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். "யா, யா" என்றேன். மனைவியிடம் சொல்ல மறந்துபோனேன்.

எங்களைப் போல் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதும் கோவிலுக்குப் போவதும் ஒன்று. அந்தக் காலத்தில் தோட்டத்து மருந்துக் கொட்டகையில் மருந்து கொடுக்க ஒரு டிரெசர் இருப்பார். அழுக்காகப் போனால் தொட மாட்டார், பத்துப் பேர் முன்னால் நிற்க வைத்து வாய்க்கு வந்தபடி பேசுவார். காய்ச்சலில் நடுங்குகிற பிள்ளையைக்கூட குளிப்பாட்டிப் பவுடர் பூசித்தான் எங்கள் தாய்மார் தூக்கிப் போனார்கள். அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. ஒரு பொம்பளைப் பிள்ளை இவர் கக்கத்தைத் துடைக்கப் போகிறது, நாற்றத்தோடு அனுப்புவதா என்று என் மனைவி காலையிலேயே வெந்நீர் வைத்தாள். நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டி, துடைத்து, செராய் எண்ணெயைக் கக்கத்திலும் இடுப்பிலும் வழக்கத்தைவிட அதிகமாகவே பூசி, பவுடர் போட்டு, விபூதி வைத்து அனுப்பினாள். மணமணக்கப் போய் உட்கார்ந்தேன். துடைத்த மிஸிக்கு முகமூடியும் அதற்கு மேல் கண்ணாடித் தடுப்பும். அவளுக்கு வாசனை தெரிந்திருக்காது.

திரும்பி வரும் வேனில்தான் மிஸி போனில் சொன்னது ஞாபகம் வந்தது. கொஞ்சூண்டு எண்ணெய்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. சுத்தம். என் மனைவி சாமிமேடைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

மண்டோர் அண்ணன் மட்டும் என்னை விடவில்லை. தினம் காலை பத்து மணிக்குப் போன் அடிப்பார்.

"டேய், ஒன் நாற்காலில இப்ப ஒருத்தன் ஒக்காந்திருக்கான். நாலு மணி நேரமும் காதுல ஒயர மாட்டிக்கிட்டு ஒரு வார்த்த பேச மாட்டேங்குறான். பொணத்துக்குப் பக்கத்துல இருக்குற மாதிரி இருக்கு. எப்படா வருவ?"

"ஒண்ணு க்ளியர் ஆயிருச்சிண்ணே. இன்னும் ரெண்டு."

"சீக்கிரம் வாடா. எனக்கும் இப்ப சரியில்ல. ரத்தம் கழுவ கையில போட்டிருந்த வழி அடச்சிப் போச்சி. நெஞ்சுல ஒரு கொழாய மாட்டி வச்சிருக்கானுங்க. சட்ட பட்டன் போட முடியல."

நெஞ்சில் குழாய். டாக்டரம்மா எட்டடி தள்ளி நின்று சொன்னது காதில் கேட்டது. நான் வேறு பேச்சுக்கு மாறினேன்.

இரண்டாவது ஸ்வாபுக்கும் மிஸி போன் செய்தாள், அதையே சொன்னாள். இந்த முறை ஆட்டமும் இல்லை, மறதியும் இல்லை. காலையில் மனைவி சீசாவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எண்ணெய் போட்டால் சுத்தமாக வருகிறது, போடாவிட்டால் வருமோ வராதோ, எனக்கு அது மட்டும்தான் ஓடியது. கையைத் தூக்கினேன். அவள் பூசினாள். இதை நான் மறதியில் சேர்க்க முடியாது.

அதுவும் சுத்தம் என்று வந்தது. டவுன் நிலையத்திலிருந்தே போன் செய்து, இன்னும் ஒன்றுதான் அங்கிள், உங்கள் இடத்தைத் தயார் செய்கிறோம் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கூட கேட்டைத் தாண்டி இரண்டு அடி உள்ளே வந்தார்.

மூன்றாவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். என் கையைப் பிடித்து ஊசி போட்ட இடத்தைப் பார்த்தவள், அப்படியே குனிந்து மோந்தாள். தினம் அதே வாசனைக்குள் வேலை செய்கிறவள் அல்லவா?

"என்னப்பா இது, செராய் ஆயிலா?"

என் மனைவி பெருமையாகச் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள், எத்தனை சொட்டு, எந்தக் கடை, ஸ்வாப் அன்று மட்டும் கூடுதலாகப் போட்டது வரைக்கும். மகள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, அந்தப் பஞ்சுல பூஞ்சையும் ஒட்டும், நீங்க பூசுன எண்ணெயும் ஒட்டும். லேப்ல வளக்கப் போடுறப்ப அந்த எண்ணெயே அத வளர விடாது. அதான் ஒண்ணும் இல்லன்னு வந்திருக்கு. தோல்ல அது இருந்துகிட்டேதான் இருக்கும்."

"கொறஞ்சிருக்கலாம்ல?" என்றேன்.

"இருக்கலாம்பா. தெரியாது. அது தெரியத்தான் நாங்க இத்தன வருஷமா ஒக்காந்திருக்கோம். எந்த அளவுல பூசணும், எத்தன நாள் நிக்கும், தோல் தாங்குமான்னு இன்னும் தெரியல. எண்ணெய் பொய் இல்லப்பா. நீங்க குடுத்த ஸ்வாப்தான் பொய்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. உன்னைப் படிக்க வைத்ததே தப்பு என்றேன். அந்தப் படத்தை அனுப்பியது யார் என்று கத்தினேன். கண்ணாடி அறைக்குள் போய் நாலு மணி நேரம் நீ உட்கார்ந்து பார் என்றேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. அழுதுகொண்டே, "படத்த அனுப்புனது என் தப்புதாம்பா. ஆனா ஆஸ்பத்திரில நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

அவள் போன பிறகு என் மனைவி, என்னால்தானே இவ்வளவும் என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் மேலேயே பழியை விட்டிருக்கலாம். அதற்கும் மனம் வரவில்லை. எண்ணெய் போடக் கூடாதென்று மிஸி எனக்குப் போனில் சொன்னாள், இரண்டாவது தடவை எனக்குத் தெரியும் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த இரண்டு நாளும் சாப்பாடு மேசைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. கண்ணாடி அறையே தேவலை என்று இருந்தது.

அந்த ஒரு வாரம் நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். சொன்னால் உள்ளே, சொல்லாமல் இன்னொரு தடவை பூசிக்கொண்டு போனால் வெளியே. வெளியே போனால் அந்த நாற்காலி, அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் அந்தக் குழாய். மண்டோர் அண்ணன் பத்து மணிக்கு அழைக்கும்போதெல்லாம், இன்னும் எத்தனை நாள் என்று கேட்பார், நானும் நாளைச் சொல்வேன்.

மூன்றாவது ஸ்வாபுக்கு முந்தின இரண்டு நாள் சோப்புகூடப் போடவில்லை. நல்ல வெயில் வேறு. வேனில் போகும்போதே என் நாற்றம் எனக்கே தாங்கவில்லை. அந்தப் பெண் முன்னால் கையைத் தூக்க உயிர் போனது. தூக்குவதற்கு முன்னால் சொன்னேன். முந்தின இரண்டு முறையும் எண்ணெய் பூசிக்கொண்டு வந்தேன் என்று.

அவள் பஞ்சுக்குச்சியைப் பிடித்தபடியே நின்றாள். ஏன் என்று கேட்டாள். வீட்டுப் பக்கத்துக்கே திரும்பிப் போக வேண்டும் போல் இருந்தது என்றேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துடைத்தாள், டாக்டரிடம் சொல்கிறேன் என்றாள், அங்கியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் போனாள்.

முடிவு வந்தது. இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. முந்தின இரண்டும் செல்லாது. முதலிலிருந்து எண்ண வேண்டும்.

மறுநாள் பத்து மணிக்குப் போன் அடித்தது. என் மனைவி சமையல்கட்டிலிருந்து தலையை நீட்டி, "மறுபடி வந்திருச்சின்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்னது சரிதான். அது பொய்யும் இல்லை. ஆனால் அவர் எடுத்த எடுப்பில், நாற்காலிக்காரப் பயலைப் பேசி வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன், உனக்கு என் பக்கத்தில்தான் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகு பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்க முடியவில்லை. எண்ணெயில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. குறுக்கே பேசாமல் அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"ரெண்டாவது தடவ பூசுறப்ப, எனக்கு நெஞ்சுல கொழாய் போட்டது ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்ண்ணே."

"ஒம் மக மட்டும் வந்து மோந்து பாக்கலன்னா, வந்து எம் பக்கத்துல ஒக்காந்திருப்ப. அப்படித்தான?"

இல்லையென்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"ஒக்காந்திருப்பேண்ணே" என்றேன்.

கூடத்தில் யாரோ இருமுவதும், எதிர்வரிசை மலாய்க்காரர் எதற்கோ சிரிப்பதும் போனில் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவர் வைக்கிறவரைக்கும்.